மாலைதீவின் சார்பில் இஸ்ஸதீன்

ஸ்ரௌவ்வில்லில் ஒரு புது வீட்டின் பேஸ்மன்றில், வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸைத் திருத்த அதற்குள் தோள்வரை கையை விட்டபடி கிடந்தபோதுதான் இஸ்ஸதீனின் போன் அடித்தது.

"தம்பி, உனக்கு மாலைதீவுப் பாஷை தெரியும்தானே?"

அமிர்தநாதரின் குரல். இருவரும் மன்னார்க்காரர், அமிர்தநாதர் பேசாலை, இஸ்ஸதீன் எருக்கலம்பிட்டி. ஸ்காபரோவில் ஒரே கட்டடத்தில் குடியிருந்த காலத்திலிருந்து இருபத்தைந்து வருடப் பழக்கம்.

"ஓம் அண்ணை," என்றார் இஸ்ஸதீன். அந்தக் கேள்விக்கு அவர் யோசித்துப் பதில் சொன்னதே கிடையாது.

"பாட்டு ஏதும் தெரியுமோ?"

"ஏன் தெரியாமல்?"

"அப்ப சரி. வாற சனி இல்லை, அதுக்கு அடுத்த சனி நீதான் மாலைதீவு."

இஸ்ஸதீன் கையை வெளியே எடுத்தார்.

கடிதம் விநியோகிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அமிர்தநாதர், மூன்று மாதமாக ஒரு விழாவுக்கு ஓடிக்கொண்டிருந்தார். இந்து சமுத்திரத் தீவு நாடுகளின் பாட்டுப் போட்டி. இலங்கை, மாலைதீவு, மொரீசியஸ், சீஷெல்ஸ், மடகஸ்கார். ஒரு நாட்டுக்கு ஒரு பாட்டு, ஒரு நடுவர். நடுவர் தன் சொந்த நாட்டுக்குப் புள்ளி போடக் கூடாது. ஐந்து நாடு கட்டாயம் வரவேண்டும் என்ற நிபந்தனையில்தான் மண்டபம் கிடைத்திருந்தது. மாலைதீவுக்காகப் பாடவிருந்த பையனுக்கு அன்று காலை கல்கரியில் வேலை கிடைத்து, மத்தியானம் அவன் விமானம் ஏறிவிட்டான்.

"அண்ணை, நான் அங்க வேலை செய்தனான். மாலைதீவாள் இல்லையே."

"ஆறு வருசம் இருந்தனி. அந்தப் பெடியன் பிறந்ததே இங்க பிரம்ரனில. அவனைவிட நீ எவ்வளவோ மாலைதீவு."

"எனக்குக் குரலும் சரியில்லை..."

அமிர்தநாதர் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, றீற்றா பாடுறன் எண்டு சொல்லியிருக்கிறா."

அதன்பிறகு இஸ்ஸதீனால் மறுக்க முடியவில்லை.

றீற்றா அமிர்தநாதரின் மனைவி. தேவாலயப் பாடகர் குழுவில் இருபது வருடம் முன்வரிசையில் நின்று பாடியவர். போன வருடம் மார்பில் வந்த கட்டிக்குச் சிகிச்சை எடுத்தார். முடி கொட்டியது, திரும்பியும் முளைத்தது. நோய் போய்விட்டது என்று டொக்டர்மாரும் சொல்லிவிட்டார்கள். ஆனால் பாட்டு மட்டும் திரும்பி வரவில்லை. கோயிலில் எல்லோரும் பாவம் பார்க்கும் கண்ணோடு தன்னைப் பார்ப்பதால் தொண்டை அடைத்துவிடுகிறது என்று சொல்லி வீட்டோடு இருந்துவிட்டார்.

"தெரியாத சனத்துக்கு முன்னால எண்டா பாடுவன் எண்டவ," என்றார் அமிர்தநாதர். "தெரியாத சனத்துக்கு நான் எங்க போறது? அதான் நாலு நாட்டைக் கூப்பிட்டனான்."

"நான் பாடுறன் அண்ணை," என்றார் இஸ்ஸதீன்.

வீட்டுக்கு வந்து நபீலாவிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் மனைவி கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சது உப்பும் வெங்காயமும். அத வச்சிப் பாட்டுப் படிக்கப் போறீங்களா, ஆணம் காய்ச்சப் போறீங்களா?"

உலகத்திலேயே அந்த உண்மை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இஸ்ஸதீன் மாலைதீவில் ஆறு வருடம் இருந்தது பொய்யில்லை. ஆனால் இருந்த இடம் ஒரு ஹோட்டல் குசினி. சுற்றி இருந்தவர்கள் பாதி மலையாளிகள், பாதி மட்டக்களப்பார். தமிழிலேயே ஆறு வருடமும் ஓடிவிட்டது. உள்ளூர்ப் பாஷையில் அவருக்குத் தெரிந்தவை மீன், சோறு, உப்பு, வெங்காயம், மிளகாய், தண்ணீர், ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்கள், அவசரப்படுத்தும் 'கெதியா' என்ற சொல். அவ்வளவுதான். கலியாண வீடுகளில் யாராவது, "எங்க, மாலைதீவுப் பாஷையில ஒண்டு சொல்லும் பாப்பம்," என்றால், நெஞ்சை நிமிர்த்தி, "கெதியா உப்பு, ஐந்து வெங்காயம்!" என்று அந்தப் பாஷையில் முழங்குவார். சபை கைதட்டும். இருபத்தைந்து வருடம் அந்தக் கைதட்டலில் வண்டி ஓடியது.

ஒரு மெட்டு மட்டும் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அங்கிருந்த ஒரே உள்ளூர் ஆளான தலைமைச் சமையற்காரர், வாய் நிறைய வெற்றிலையோடு மீன் சூப்பைக் கிண்டிக்கொண்டே முணுமுணுத்த மெட்டு. முதல் இரண்டு அடிக்குச் சொற்களும் நினைவில் இருந்தன, அர்த்தம் தெரியாது. மூன்றாம் அடியிலிருந்து சொல் இல்லை. இஸ்ஸதீன் அந்த இடங்களில் மீனையும் உப்பையும் வெங்காயத்தையும் போட்டு நிரப்பினார். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மகள் இஸ்ரத் கதவோரம் நின்று கேட்டாள்.

"வாப்பா, இற்ஸ் சோ ஸாட்! எதைப் பத்தின பாட்டு?"

"பெரிய சோகம் மகள்."

"அபவுட் வட்?"

"மீன்," என்றார் இஸ்ஸதீன்.

மண்டபத்தில் யாருக்கு விளங்கப் போகிறது என்ற நம்பிக்கையில் நான்கு நாள் நிம்மதியாகப் பயிற்சி எடுத்தார். ஐந்தாம் நாள் அமிர்தநாதர் வீட்டுக்கே வந்தார்.

"மாலைதீவுக்கு நடுவரும் கிடைச்சிட்டா. ஆமினா அன்ரி."

இஸ்ஸதீன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "எந்த ஆமினா?"

"மாலைதீவு ஆமினா."

"மாலைதீவு எண்டா... அசல் மாலைதீவோ?"

"அசலில என்ன அரை அசல், முக்கால் அசல்? அசல்தான்," என்ற அமிர்தநாதர், தேநீரைச் சூட்டோடு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கார் தவறான இடத்தில் நிற்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

அன்றிரவுச் சோற்றை இஸ்ஸதீன் அளைந்துகொண்டே இருந்தார். ஊரை விட்டு வந்த ஒரு வயதான பெண். தாய்மொழியைக் கேட்டு எத்தனை வருடமோ. ஆசையோடு வந்து உட்காருவார். அவர் முன்னால் போய் நின்று வெங்காயம், வெங்காயம் என்று உருகுவதா?

"உண்மையச் சொல்லிருங்க," என்றாள் நபீலா. "போன் எடுத்து, சொறி அன்ரி, எனக்கு இவ்வளவுதான் தெரியும்டு சொன்னா முடிஞ்சிது."

நல்ல யோசனையாகப் பட்டது. மறுநாள் அமிர்தநாதரிடம் நம்பர் கேட்டார். அமிர்தநாதர் ஏனோ தடுமாறினார். "அவ போனில கதைக்க மாட்டா தம்பி. கூச்ச சுபாவம்." விடாமல் கேட்டதால் கடைசியில் நம்பர் கிடைத்தது.

மரியாதைக்கு முதல் வார்த்தையாவது அந்தப் பாஷையில் இருக்கட்டும் என்று 'எப்படி இருக்கிறீர்கள்' என்பதை இஸ்ரத்தைக் கொண்டு தேடிப் பாடமாக்கினார். டயல் செய்தார். மறுமுனையில், "ஹலோ?" என்றது ஒரு பெண் குரல். இஸ்ஸதீன் பாடமாக்கியதைச் சொன்னார்.

மறுமுனையில் ஒரு சத்தமும் இல்லை. மூச்சு விடுவது மட்டும் கேட்டது. இவரும் மூச்சு விட்டார். அரை நிமிடம் இரண்டு பேரும் மாறி மாறி மூச்சு விட்டார்கள்.

"றோங் நம்பர்," என்றது அந்தக் குரல். போன் வைக்கப்பட்டது.

"நான் என்ன சொல்லித் தொலைச்சேனோ!" என்று தலையில் கை வைத்தார் இஸ்ஸதீன். "ஏதோ கூடாத வார்த்தையாப் போயிட்டுது. மனிசி கோவத்தில வச்சிட்டா."

இனி உண்மை சொல்லவும் வழியில்லை. தொண்டையைக் கெடுத்துக்கொள்வதே வழி என்று முடிவு செய்தார். வேலை முடிந்து வரும் வழியில் வான் வண்டியின் கண்ணாடியை இறக்கிவிட்டு, நவம்பர்க் குளிரில் ஐஸ் போட்ட சோடாவைக் குடித்துக்கொண்டே பிக்கரிங் வரை ஓட்டினார். மூன்றாம் நாள் குரல் கம்மியது. இரண்டு தும்மல் கேட்டதுமே நபீலா களத்தில் இறங்கிவிட்டாள். கொத்தமல்லி, இஞ்சி, மிளகு, தேன் என்று மூன்று வேளையும் ஊற்றினாள். வெள்ளிக்கிழமை காலை இஸ்ஸதீன் வாய் திறந்தபோது, இருபத்திரண்டு வயதில்கூட இல்லாத ஒரு குரல் வந்தது.

"மாஷா அல்லாஹ்," என்றாள் நபீலா.

கடைசியாக ஒரே ஒரு முயற்சி. அமிர்தநாதருக்கு அடித்தார். "அண்ணை, ஆமினா அன்ரியைப் பின் வரிசையில இருத்துவமே? வயது போன ஆள், ஸ்பீக்கர் சத்தம் காதுக்குக் கூடாது."

"நல்லது, நல்லது, கடைசி வரிசையிலயே இருத்துவம். உங்கள் ரெண்டு பேருக்கும் அதுதான் நல்லது," என்று அமிர்தநாதர் கேட்ட மாத்திரத்தில் சம்மதித்தார். தன் மனப்பாரத்தை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட மனிதரை நினைத்து இஸ்ஸதீனுக்குக் கண் கலங்கியது.

சனிக்கிழமை மத்தியானம் மண்டபத்துக்குள் நுழைந்தபோது, ஆமினா அன்ரி முன் வரிசையின் நட்ட நடுவில், மைக்குக்கு ஆறு அடி தூரத்தில் இருந்தார்.

"சக்கர நாற்காலிக்கு அங்கதான் இடம் இருக்கு அங்கிள்," என்றாள் மெலிசா. அமிர்தநாதரின் மகள், அவள்தான் நிகழ்ச்சித் தொகுப்பாளினி. "அதோட அன்ரிக்கு உங்கட பாட்டு கிளியரா கேக்கோணும்தானே?"

தலையை இறுக்கிச் சுற்றிய துணி, மெலிந்த முகம், மடியில் புள்ளித்தாள். இஸ்ஸதீன் பக்கத்தில் போய் ஒரு சலாம் சொல்ல நினைத்தார். அவர் இரண்டடி எடுத்து வைத்ததும் ஆமினா அன்ரி கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சரித்துவிட்டார். ஒரு நிமிடத்துக்கு முன்னர்தான் உட்கார்ந்து சமோசா சாப்பிட்ட மனிசி அவர். 'போன் கோபம் இன்னும் ஆறவில்லை' என்று நினைத்துக்கொண்டு இஸ்ஸதீன் மேடைப் பக்கம் திரும்பினார்.

மடகஸ்கார்க்காரர் முதலில் ஏறினார்கள். மூங்கில் வாத்தியமும் மேளமுமாக மண்டபத்தையே எழுப்பி ஆட வைத்துவிட்டுப் போனார்கள். மொரீசியஸும் சீஷெல்ஸும் பாடி முடிந்தன. அடுத்தது இலங்கை.

திரை ஓரத்தில் றீற்றா நின்றார். கடல்நீலச் சேலை, காதை மறைக்காத குட்டை நரைமுடி. திரையை விலக்கி முன் வரிசையை எட்டிப் பார்த்தவர், சட்டென்று பின்வாங்கினார். வாயைப் பொத்திக்கொண்டு விம்மினார்.

"நான் மாட்டன்," என்றார். "என்னால ஏலாது."

அமிர்தநாதர் மனைவியின் பையைக் கையில் பிடித்தபடி நின்றார். மூன்று மாதம் ஓடி ஓடி நான்கு நாட்டைக் கூட்டி வந்த மனிதர் ஒரே நிமிடத்தில் கிழவராகிவிட்டது போல இஸ்ஸதீனுக்குத் தெரிந்தது.

"றீற்றாக்கா," என்றார் இஸ்ஸதீன். "ஒண்டு சொல்லட்டே? என்ர பாட்டை ஒருக்காக் கேளுங்கோ. அதுக்குப் பிறகு இந்த மேடையில ஆர் ஏறி என்னத்தைப் பாடினாலும் நல்லாத்தான் இருக்கும்."

றீற்றா கண்ணீரோடு சிரித்துவிட்டார். "அப்ப நீங்கள் முதல் பாடுங்கோ. நீங்கள் பாடினா நான் பாடுறன்."

கடைசியாகப் பாடி, யாரும் கவனிக்காத நேரத்தில் இறங்கிப் போகலாம் என்றிருந்த கடைசி நம்பிக்கையும் போயிற்று. மெலிசா, "மாலைதீவின் சார்பில், இஸ்ஸதீன்!" என்று அறிவித்தாள்.

முதல் இரண்டு அடியையும் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். மூன்றாம் அடி வந்தது. வேறு வழியில்லை. மீன் என்று இழுத்தார். உப்பு என்று இறங்கினார். வெங்காயம் என்று மேலே போனார்.

அங்கேதான் என்னவோ நடந்தது. வெங்காயம் என்றதும் அந்தக் குசினி கண்ணுக்குள் வந்தது. மன்னார் முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரை விட்டு வெளியேற்றிய அடுத்த வருடம். வயது இருபத்திரண்டு. உம்மாவும் தங்கச்சிமாரும் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு மூட்டை வெங்காயம் உரிக்க வேண்டும். அதனால் ஒரு வசதியும் இருந்தது: எவ்வளவு அழுதாலும் ஏனென்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்த ஒரு சொல்லை இஸ்ஸதீன் திரும்பத் திரும்பப் பாடினார். 'கெதியா' என்ற சொல் கடைசி அடியில் வந்தபோது, யாரையோ சீக்கிரம் வரச்சொல்லிக் கூப்பிடுவது போலவே இருந்தது.

கண்ணைத் திறந்தார். ஆமினா அன்ரி தலைத்துணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

'அவமானத்தில் அழுகிறார்' என்று இஸ்ஸதீன் நினைத்தார். படியிறங்கித் தப்பிப் போகப் பார்த்தபோது, அந்த மெலிந்த கை அவருடைய மணிக்கட்டை எட்டிப் பிடித்து, பக்கத்துக் கதிரையில் இருத்தியது. பிடி விடவில்லை. பொலீஸ்காரன் பிடியும் அப்படி இருக்காது.

றீற்றா மேடை ஏறினார்.

கடலுக்குப் போனவர்களைக் கரைசேர்க்கச் சொல்லி மாதாவிடம் மன்றாடும் பாட்டு. பழைய குரல் இல்லை. மெல்லியதாக, ஓரம் தேய்ந்து வந்தது. இரண்டாவது சரணத்தில் மேலே ஏறும் இடத்தில் உடைந்து நின்றுவிட்டது. றீற்றா நேரே இஸ்ஸதீன் இருந்த பக்கம் பார்த்தார். இஸ்ஸதீன் தலையை வேகமாக ஆட்டினார். பாடுங்கோ, பாடுங்கோ என்று கையாலும் காட்டினார். றீற்றா கண்ணை எடுக்காமல், அந்த அடியைக் கொஞ்சம் கீழே இறக்கித் தொடங்கி, நிதானமாக ஏறி, முடித்தார். அதன்பிறகு பாட்டு முடியும்வரை அவர் கண் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

முடிந்ததும் இறங்கி நேரே இவர்களிடம்தான் வந்தார். ஒரு கையை இஸ்ஸதீனின் தோளில் வைத்தார். மறுகையால் ஆமினா அன்ரியின் கன்னத்தைத் தடவினார். முன்பின் தெரியாத மனிதரைக்கூட ஒரு பாட்டு எப்படிச் சேர்த்துவிடுகிறது என்று இஸ்ஸதீன் உள்ளுக்குள் வியந்தார். அதற்குள் சீஷெல்ஸ் பெண்கள் வந்து றீற்றாவைக் கட்டிப்பிடித்துத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மடகஸ்காருக்கு முதலிடம். இலங்கைக்கு இரண்டாமிடம், மாலைதீவு நடுவர் பத்துக்குப் பத்தும் போட்டிருந்தார். அமிர்தநாதர் குழந்தையைப் போல விசிலடித்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று இஸ்ஸதீன் எழும்பும் நேரத்தில் மெலிசா மறுபடி மைக்கைப் பிடித்தாள்.

"மரபைக் காத்த பாடலுக்கான சிறப்பு விருது, மாலைதீவு! வழங்குபவர் ஆமினா அன்ரி. அன்ரி, விருதைக் குடுக்க முதல், இந்தப் பாட்டின்ர அர்த்தத்தைச் சபைக்கு ஒருக்காச் சொல்லுவீங்களா? இன் இங்கிலிஷ் இஸ் ஓகே."

மைக் ஆமினா அன்ரியின் கைக்குப் போனது. திரை ஓரத்தில் அமிர்தநாதர் சிலுவை போட்டுக்கொண்டார். நபீலா ஐந்தாம் வரிசையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆமினா அன்ரி மைக்கைப் பார்த்தார், இஸ்ஸதீனைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"திஸ் சோங்..." என்றார். "திஸ் சோங் இஸ் அபவுட்... மதர்."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. மொரீசியஸ் நடுவர் மூக்கைச் சிந்தினார்.

இஸ்ஸதீன் கூனிக் குறுகிப் போனார். தன் மொழியைச் சமையல் குறிப்பாக்கிக் கேவலப்படுத்தியவனை, சபைக்கு முன்னால் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றியிருக்கிறார் அந்தப் பெண். அப்படிப்பட்ட பெருந்தன்மைக்கு முன்னால் இந்த விருதை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் சோறு இறங்குமா?

வெளிவாசலில் ஆமினா அன்ரி தன் வானுக்காகக் காத்திருந்தார். வேறு யாரும் இல்லை. இஸ்ஸதீன் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். இவரைக் கண்டதும் அவர் திரும்பவும் கண்ணை மூடப் பார்த்தார். இந்த முறை இஸ்ஸதீன் விடவில்லை.

"அன்ரி, சொறி," என்றார் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில். "நோ மதர். ஒன்லி ஃபிஷ் சூப். ஃபிஷ், சோல்ற், அனியன். ஐ டோன்ற் நோ யுவர் லாங்குவேஜ், அன்ரி. ஐ அம் வெரி வெரி சொறி." விருதை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

ஆமினா அன்ரி ஒரு கண்ணை மட்டும் திறந்தார். பிறகு மற்றதையும் திறந்தார். முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்து, ஆளில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த மூச்சை நீளமாக விட்டார்.

"அல்லாஹ்வே, இத முதல்லயே செல்லியிருக்கப்படாதா மகன்? நானும் இலங்கைதான், சம்மாந்துறையாள், மாலைதீவக் கண்ணாலயும் கண்டதில்ல; றீற்றாவுக்குப் பக்கத்துக் கதிரையில ஆறு மாசம் கீமோ மருந்து ஏத்தினவ நான், அந்தப் புள்ள பாடுறதக் கேக்கத்தான் வந்தன்!"